நியூரோசயின்ஸ் ஆராய்ச்சிக்குள் நுழைவது எப்படி? மூளையைப் படம்பிடிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியூரோசயின்ஸில் பிஎச்.டி. சேரப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் மாமாவோ சித்தப்பாவோ கேட்கும் முதல் கேள்வி, "அப்போ நரம்பு டாக்டரா?" என்பதுதான். இல்லை. நரம்பு மருத்துவராவதற்கு எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று வேறு பாதை இருக்கிறது. இந்தக் கட்டுரை ஆராய்ச்சிப் பாதையைப் பற்றியது. விலங்கியல், உயிர்வேதியியல், பயோடெக், இயற்பியல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் என எதைப் படித்திருந்தாலும் சரி, மூளையின் செல்களைப் படம்பிடித்து அதிலிருந்து எதையாவது கண்டுபிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கானது. பெரும்பாலும் இந்தியாவுக்குள் இருக்கும் வாய்ப்புகளைத்தான் சொல்கிறேன். வெளிநாடு பிற்பாடு கொஞ்சம் வரும்.

கறுப்புப் பின்னணியில் பச்சையும் சிவப்புமாக ஒளிரும் நியூரான் படங்களைப் பார்த்து மயங்கித்தான் பலர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டுப் பயிற்சியில், அழகாகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் போதும். மீதிக் காலமெல்லாம் அந்தப் படத்திலிருந்து நம்பத்தக்க ஓர் எண்ணை எடுப்பதிலும், அந்த எண் நம்மை ஏமாற்றவில்லை என்று உறுதிசெய்துகொள்வதிலும்தான் போகும். அது உங்களுக்குப் பிடிக்குமா என்று முன்கூட்டியே வீட்டிலிருந்தபடி சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மூன்றாம் படியில் அதைச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த அளவில் பார்க்கப்போகிறீர்கள்?

"எனக்கு மூளையைப் பற்றி ஆராய வேண்டும்" என்று மட்டும் சொன்னால் எந்தப் பேராசிரியருக்கும் உங்களை என்ன செய்வதென்று தெரியாது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் காட்டும் ஒரே கருவி கிடையாது. நீங்கள் கேட்கும் கேள்வி எந்த அளவில் இருக்கிறதோ அதற்கேற்ற கருவிதான் கைக்கு வரும்.

இரண்டு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸில் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியோ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளை ஒரே புள்ளியாகத்தான் காட்டும். லென்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஒளியின் அலைத்தன்மை அதற்கு மேல் விடாது. ஆகவே சினாப்ஸின் உள்ளமைப்பு வேண்டுமென்றால் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அந்த ஒளி எல்லையைத் தந்திரமாகத் தாண்டும் புதிய முறைகளுக்குப் போக வேண்டும். அவற்றை உருவாக்கியதற்காகத்தான் எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

உயிரோடு இருக்கும் எலியின் மூளையில் நியூரான்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமா? அதற்கு இரு-ஃபோட்டான் நுண்ணோக்கி. வின்ஃபிரைட் டென்க், ஜேம்ஸ் ஸ்ட்ரிக்லர், வாட் வெப் மூவரும் 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து காட்டினார்கள். இதில் பயன்படும் அகச்சிவப்பு லேசர் திசுவுக்குள் குறைவாகவே சிதறும். இரண்டு ஃபோட்டான்கள் ஒரே நொடித்துளியில் ஒரே இடத்தில் சேர்ந்தால் மட்டுமே அங்கே ஒளிர்வு உண்டாகும். அதனால் மூளையை வெட்டாமலே அரை மில்லிமீட்டர் ஆழம் வரை தெளிவாகப் பார்க்க முடிகிறது. கூடவே ஜிகேம்ப் என்ற செயற்கைப் புரதத்தை நியூரானுக்குள் உருவாக வைப்பார்கள். மின்துடிப்பு எழும்போது செல்லுக்குள் கால்சியம் பாயும், உடனே இந்தப் புரதம் பளிச்சென்று ஒளிரும். திரையில் நூற்றுக்கணக்கான நியூரான்கள் மினுமினுப்பதை முதல்முறை பார்க்கும்போது யாருக்கும் புல்லரிக்கும்.

மனிதர்களிடம் இதையெல்லாம் செய்ய முடியாது. அங்கே எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் இருக்கிறது. அது நியூரானை நேரடியாகப் பார்ப்பதில்லை. ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாற்றத்தைப் பார்க்கிறது. ஒரு நினைப்பு தோன்றிச் சுமார் ஐந்து நொடி கழித்துத்தான் ரத்தத்தின் எதிர்வினை உச்சத்தைத் தொடும். படத்தில் ஒரு சிறு கட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம் கொண்டது, அதற்குள்ளேயே பல லட்சம் நியூரான்கள் அடங்கிவிடும்.

இன்னொரு பக்கம், நியூரான்களின் இணைப்புகளை முழுதாக வரைபடமாக்கும் வேலையும் நடக்கிறது. 302 நியூரான்கள் கொண்ட சின்னப் புழுவின் வரைபடம் 1986-இல் வந்தது. பழ ஈயின் முழு மூளை வரைபடம் 2024-இல் வந்தது. அதில் சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் நியூரான்கள். சென்னையிலேயே ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, 5,132 சீவல்களைச் செல் அளவுத் தெளிவில் டிஜிட்டல் படமாக்கி, தரணி என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். இந்தத் துறையில் ஈடுபாடு இருக்கிறது என்று சொல்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம்.

இந்த அளவுகளில் எது உங்களை இழுக்கிறது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். இரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதில் முதல் படத்தை மட்டும் முழுசாகப் புரிந்துகொள்ளப் பாருங்கள். முழுக் கட்டுரையும் புரிய வேண்டும் என்று உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

இரண்டாம் படி: உங்களிடம் இல்லாததை நிரப்புங்கள்

உயிரியல் படித்தவர்களுக்குக் கணக்கு பயம். பொறியியல் படித்தவர்களுக்குச் செல் என்றால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. இரண்டு தரப்புக்கும் சமமாகவே வேலை இருக்கிறது.

உயிரியல் மாணவர்கள் பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய மென்பொருள் எழுதும் அளவுக்கு வேண்டாம்; ஒரு கோப்புறையில் இருக்கும் நூறு படங்களை வரிசையாகத் திறந்து ஒவ்வொன்றின் சராசரி ஒளிச்செறிவையும் கணக்கிட்டு அட்டவணையில் எழுதத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். அத்துடன் நிகழ்தகவு, அடிப்படைப் புள்ளியியல், அணிகள். பிளஸ் டூவில் விட்ட இடத்திலிருந்து பிடித்தாலே போதும்.

பொறியியல், இயற்பியல் மாணவர்கள் செல் உயிரியலிலும் மரபியலிலும் ஒரு வருடப் பாடத்தையாவது ஒழுங்காகப் படியுங்கள். நரம்புத் துடிப்பு எப்படி உண்டாகிறது, சோடியமும் பொட்டாசியமும் என்ன செய்கின்றன, ஒரு மரபணுவை ஒரு குறிப்பிட்ட வகை நியூரானில் மட்டும் வெளிப்பட வைப்பது எப்படி என்ற மூன்றும் தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள். நிரல் எழுதத் தெரியும் என்ற தைரியத்தில் வந்து, எதிர்மறை மின்னழுத்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் விழுபவர்கள் நிறைய.

ஒளியியல் எல்லோருக்கும் வேண்டும். லென்ஸின் துளை எண் (நியூமெரிக்கல் அப்பர்ச்சர்) என்றால் என்ன, அது கூடினால் தெளிவு ஏன் கூடுகிறது, கான்ஃபோகல் என்ற லேசர் நுண்ணோக்கியில் இருக்கும் சின்ன ஊசித்துளை எதைத் தடுக்கிறது, இவ்வளவு புரிந்தால் பாதி நுண்ணோக்கி கைவசம். ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லின் வகுப்புகள் இலவசம். நுண்ணோக்கி பற்றி ஐபயாலஜி தளத்தில் இருக்கும் விரிவுரைத் தொடரும் இலவசம், அதில் பாடம் எடுப்பவர்கள் அந்தக் கருவிகளோடு வாழ்கிறவர்கள். கணினிவழி நியூரோசயின்ஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்கு 2020-இல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் கோடைக்கால இணைய வகுப்பு நல்ல வாசல். அதன் பாடப்பொருள் முழுவதும் பொதுவில் இருக்கிறது.

மூன்றாம் படி: நுண்ணோக்கி இல்லாமலே தொடங்குங்கள்

கல்லூரியில் கான்ஃபோகல் நுண்ணோக்கி இல்லை என்பது ஒரு தடையே இல்லை. ஃபிஜி என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இமேஜ்ஜே என்ற பழைய மென்பொருளோடு தேவையான துணைக்கருவிகளையெல்லாம் சேர்த்துக் கட்டிய இலவசத் தொகுப்பு அது. உலகத்தில் எந்த உயிரியல் ஆய்வகத்துக்குப் போனாலும் ஏதாவது ஒரு கணினியில் அது இருக்கும். பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

அதன் மெனுவிலேயே மாதிரிப் படங்கள் கிடைக்கும். முதலில் 'பிளாப்ஸ்' என்ற படத்தைத் திறந்துகொள்ளுங்கள். சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கும். எத்தனை திட்டுகள் என்று கையால் எண்ணி ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டவற்றை எண்ணுவதா வேண்டாமா என்று அங்கேயே ஒரு சந்தேகம் வரும். வர வேண்டும். பிறகு மென்பொருளில் ஒரு ஒளிச்செறிவு வரம்பை வைத்து, அதைக் கொண்டு எண்ணச் சொல்லுங்கள். வரம்பைத் தானாக நிர்ணயிக்கப் பத்துப் பதினைந்து வழிமுறைகள் பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எண்ணிக்கை மாறும், பரப்பளவு அதைவிட அதிகமாக மாறும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு திட்டுகளைச் சில வழிமுறைகள் ஒன்றாக எண்ணும். போதாக்குறைக்கு அந்தப் படத்தின் வண்ண அட்டவணையே தலைகீழாக இருக்கும்: எண் கூடினால் கறுப்பு. கவனிக்காமல் போனால் பின்னணியை எண்ணிவிட்டு வருவீர்கள்.

இந்த விளையாட்டில் ஒரு மணி நேரம் செலவழித்தால் ஒன்று புரியும். "நோயுற்ற எலியில் நியூரான்கள் 20 சதவீதம் குறைவு" என்று ஒரு கட்டுரை சொன்னால், அந்த 20-க்குப் பின்னால் யாரோ ஒருவர் ஒரு வரம்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார், எல்லாப் படங்களுக்கும் ஒரே வரம்பா, எந்தப் படம் எந்த எலியுடையது என்று தெரிந்துகொண்டே தேர்ந்தெடுத்தாரா என்று கேட்கத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றுகிறவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவரும். "மென்பொருள்தான் எண் கொடுத்துவிட்டதே, அப்புறம் என்ன?" என்று தோன்றுகிறவர்கள் வேறு வேலை பார்ப்பது இரு தரப்புக்கும் நல்லது. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

அடுத்து, ஐந்து நிறத் தடங்கள் கொண்ட நியூரான் மாதிரிப் படத்தைத் திறந்து ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே நியூரானில் எந்தப் புரதம் கிளைகளில் இருக்கிறது, எது புள்ளிப்புள்ளியாக இருக்கிறது என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். அப்புறம் 8-பிட், 16-பிட் விவகாரம். முன்னதில் ஒரு பிக்ஸலின் மதிப்பு 0 முதல் 255 வரை, பின்னதில் 0 முதல் 65,535 வரை. பிரகாசத்தைக் கூட்டும் பட்டையை நகர்த்தினால் கண்ணுக்குத் தெரிவதுதான் மாறும். ஆனால் 8-பிட் படத்தில் 'அப்ளை' பொத்தானைத் தட்டிவிட்டால் எண்களே மாறிவிடும். அளப்பதற்கு முன்னால் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. படத்தை ஜேபெக்காகச் சேமிக்கவும் கூடாது, அது கோப்பைச் சுருக்குவதற்காக எண்களைக் கலைத்துவிடும்.

இதெல்லாம் கைவந்த பிறகு நிஜத் தரவுக்குப் போகலாம். ஆலன் மூளை ஆய்வு நிறுவனம் எலி மூளையின் படங்களையும் கால்சியம் பதிவுகளையும் பொதுவில் வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் பயோஇமேஜ் ஆர்கைவில் வெளியான கட்டுரைகளின் மூலப் படங்கள் இருக்கின்றன. ஒரு கட்டுரையை எடுத்து, அதில் ஒரே ஒரு வரைபடத்தை மூலப் படங்களிலிருந்து நீங்களே மறுபடி வரைந்து பாருங்கள். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் அந்த இரண்டு பக்கம், மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் உதவும்.

நான்காம் படி: ஓர் ஆய்வகத்துக்குள் காலடி வையுங்கள்

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டிஐஎஃப்ஆர்) நடத்தும் விஎஸ்ஆர்பி என்ற கோடைத் திட்டம், பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தின் கோடைத் திட்டம் இவை மூன்றும் நன்கு அறியப்பட்டவை. முதலாவது இரண்டு மாதம், நாடு முழுவதும் உள்ள பேராசிரியர்களிடம் போகலாம், உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பத்தில் "ஏன் இந்தத் திட்டம்" என்று எழுதும் பகுதிதான் உயிர். அங்கே "சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள்.

திட்டங்களுக்கு வெளியே, நேரடியாகப் பேராசிரியருக்கு ஈமெயில் அனுப்பியும் போகலாம். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குப் போகும். பெண் பேராசிரியருக்கும் அதே "சார்" போயிருக்கும், அது தனிக் கூத்து. ஐந்தே பேருக்கு அனுப்புங்கள். அவர்களின் சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு நிஜமான கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும், தங்குமிடத்துக்கு உதவி தேவையா இல்லையா என்று சொல்லி, மூன்றாம் படியில் எழுதிய இரண்டு பக்கத்தை இணையுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் வேண்டாம்.

உள்ளே போனதும் பெரிய கண்டுபிடிப்பு எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஈக்களுக்கு உணவு மாற்றுவது, ஸ்லைடு துடைப்பது, படங்களில் செல்களைக் குறிப்பது, இப்படித்தான் இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு சோதனை சொதப்பினால் மூத்த மாணவர் அடுத்து என்ன செய்கிறார்? வாரக் கூட்டத்தில் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்? யார் யாரிடம் போய்க் கேட்கிறார்கள்? படிப்பு முடிந்து உடனே பிஎச்.டி. தேர்வு எழுதத் தயக்கம் இருந்தால், ஓராண்டு ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்வதும் நல்ல வழி. சம்பளமும் வரும், நமக்கு இது சரிப்படுமா என்றும் தெரியும்.

கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு, பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்சிபிஎஸ் நடத்தும் நுண்ணோக்கிப் பயிற்சி வகுப்பும், அங்கேயே நினைவாற்றலைக் கணினிவழி ஆராய்வது பற்றி நடக்கும் கேம்ப் என்ற வகுப்பும் உண்டு. இரண்டுக்கும் போட்டி அதிகம்.

ஐந்தாம் படி: தேர்வுகளும் வாசல்களும்

நியூரோசயின்ஸுக்கென்று நாடு முழுவதற்கும் தனித் தேர்வு கிடையாது. சிஎஸ்ஐஆர் நெட், கேட், டிஐஎஃப்ஆரின் உயிரியல் தேர்வு இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ எழுத வேண்டியிருக்கும். டிஐஎஃப்ஆர் தேர்வை எல்லோரும் இன்னும் ஜீபில்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். இன்டக்ரேட்டட் பிஎச்.டி. போக நினைக்கும் பி.எஸ்சி. மாணவர்கள் ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட் உயிர் அறிவியல் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். சி பகுதியில் 75 கேள்விகளில் 25-க்குப் பதில் எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 4 மதிப்பெண். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம். நரம்பு மண்டலம் விலங்கு உடலியங்கியலுக்குள் ஒரு சின்னத் துண்டாக வரும். பதின்மூன்றாவது அலகைப் பலரும் கடைசியில் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நுண்ணோக்கி முறைகள், செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப், பெட் ஸ்கேன், எம்ஆர்ஐ, எஃப்எம்ஆர்ஐ எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. உங்களுக்கு அது சொந்த ஊர், அங்கே மதிப்பெண்ணை விடக் கூடாது. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்ற மூன்றாவது பிரிவும் வந்திருக்கிறது. அதில் தேறினால் இடம் கிடைக்கலாம், ஆனால் சிஎஸ்ஐஆர் பணம் தராது. சேரும் நிறுவனம் தருமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஜீபில்ஸ் வேறு குணம். மனப்பாடம் அங்கே செல்லாது. ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், என்ன முடிவுக்கு வரக் கூடாது என்று கேட்பார்கள். பழைய தாள்களைப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே தயாரிப்பு.

எங்கே சேரலாம்? பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் நியூரோசயின்ஸ் மையமும், டிஐஎஃப்ஆரின் அங்கமான என்சிபிஎஸ்ஸும், மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸும் இருக்கின்றன. ஒரே ஊரில் மூன்றும் இருப்பது பெரிய வசதி. கருத்தரங்குகளுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள். நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளைத் திசு வங்கி இயங்குகிறது. நோயுற்ற மனித மூளைத் திசுவில் ஆர்வம் உள்ளவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். ஹரியானாவின் மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் முழுக்க இந்தத் துறைக்கென்றே உருவானது. ஐசர்களிலும் (அறிவியல் கல்விக்கான மத்திய நிறுவனங்கள்) ஐஐடிகளிலும் உயிரியல் துறைக்குள் ஓரிரு நியூரோசயின்ஸ் ஆய்வகங்கள் இருக்கும். ஐஐடி மெட்ராஸில் மூளை மையம் தவிர, கணினிவழி நியூரோசயின்ஸில் வி. ஸ்ரீனிவாச சக்ரவர்த்தியின் ஆய்வகம் நீண்ட காலமாக இருக்கிறது. பொறியியல் மாணவர்களுக்கு அது இயல்பான வாசல்.

எழுத்துத் தேர்வு இன்டர்வியூவுக்கு உள்ளே விடும், அவ்வளவுதான். இன்டர்வியூவில் பலகையில் வரையச் சொல்வார்கள். "இந்த மருந்து கொடுத்தால் நினைவாற்றல் கூடுகிறது என்று எப்படி நிரூபிப்பாய்?" என்று ஆரம்பித்து, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சோதனைக்கும் "சரி, ஒப்பீட்டுக்கு என்ன வைப்பாய்?" என்று துளைப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்ததிலிருந்து யோசித்துக் காட்டினால் நன்றாகவே போகும். உங்கள் கோடைக்கால ப்ராஜெக்ட் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதில் நீங்கள் பயன்படுத்திய கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இருப்பதை மட்டும் மன்னிக்கமாட்டார்கள்.

ஆறாம் படி: கல்லூரியின் பெயரைவிட ஆய்வகம் முக்கியம்

சேர்ந்த பிறகு உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் பெயர்ப் பலகை இல்லை, உங்கள் கைடுதான். ரொட்டேஷன் முறை இருக்கும் இடங்களில் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். அதை முழுசாகப் பயன்படுத்துங்கள். ரொட்டேஷன் இல்லாத இடத்தில் சேரும் முன்பே மாணவர்களிடம் பேசிவிடுங்கள்.

கைடு எதிரே இருக்கும்போது கேட்காதீர்கள், டீக்கடையில் கேளுங்கள். இங்கே பிஎச்.டி. முடிக்கச் சராசரியாக எத்தனை ஆண்டு ஆகிறது? பாதியில் விட்டுப்போனவர்கள் உண்டா, ஏன்? நுண்ணோக்கி ஆய்வகத்துடையதா, பொதுவானதா? பொதுவானது என்றால் வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, இரவு இரண்டு மணி முறைதான் புதியவர்களுக்கா? அது பழுதானால் சரிசெய்ய எத்தனை மாதம்? உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டாம். நம் நாட்டில் ஆராய்ச்சி உதவித்தொகை சில மாதங்கள் சேர்ந்து ஒரேயடியாக வருவது பல இடங்களில் நடப்பதுதான், குறிப்பாக முதல் தவணை. மூன்று மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

எந்த ஆய்வகத்தில் புதிய நுண்ணோக்கி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் வலி இருப்பதாக உணரும் நோயாளிகளை ஆராய்ந்தபோது பயன்படுத்திய கருவி ஒரு பெட்டியும் கண்ணாடியும்தான். நல்ல கேள்வி இருக்கும் ஆய்வகத்தில், இல்லாத கருவிக்காக வேறு ஊருக்குப் போய் ஒரு மாதம் வேலை செய்துவிட்டு வரலாம். கேள்வியே இல்லாத ஆய்வகத்தில் எத்தனை கோடி ரூபாய்க் கருவி இருந்தும் பயனில்லை.

விலங்குகள் விஷயத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எலியை மயக்கி, அதன் உடல் வழியே ரசாயனம் செலுத்தி, மூளையை வெளியே எடுப்பது இந்தத் துறையின் அன்றாட வேலை. எல்லாராலும் முடியாது, முடியாததில் குற்றமும் இல்லை. பழ ஈ, புழு, வரிக்குதிரை மீனின் குஞ்சு, மனிதத் தன்னார்வலர்கள், கணினி மாதிரிகள் என்று வேறு வழிகள் இருக்கின்றன. மீன்குஞ்சு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் என்பதால் படம்பிடிப்பவர்களுக்கு அது ஒரு வரம்.

ஏழாம் படி: முதல் ஆண்டுப் பழக்கங்கள்

லேசர் பாதுகாப்பு வகுப்பு, விலங்குகளைக் கையாளும் பயிற்சி, ரசாயனப் பாதுகாப்பு இவற்றோடு ஆண்டு தொடங்கும். எலி சம்பந்தப்பட்ட எந்தச் சோதனைக்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். சேர்ந்த வாரமே உங்கள் வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் திசுத் தயாரிப்பு. 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, 50 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, தேடும் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஏற்றி, கழுவி, ஸ்லைடில் ஒட்டுவதற்கு மூன்று நாள் ஆகும். பாராஃபார்மால்டிஹைடு புகை நச்சு, எவ்வளவு அவசரமென்றாலும் ஆய்வகத்தில் புகையை உறிஞ்சும் கூண்டுக்குள்ளேதான் (ஃபியூம் ஹூட்) திறக்க வேண்டும். நுண்ணோக்கியில் படம் மங்கலாக வந்தால் பெரும்பாலும் தப்பு நுண்ணோக்கியில் இருக்காது, இந்த மூன்று நாளில் எங்கேயோ இருக்கும்.

முதன்மை எதிர்ப்பொருள் (புரதத்தில் நேரடியாக ஒட்டுவது) ஏற்றாத ஒரு சீவல் ஒவ்வொரு முறையும் கூடவே போக வேண்டும். அதுவும் பச்சையாக ஒளிர்ந்தால் நீங்கள் பார்த்துச் சந்தோஷப்பட்ட பச்சைக்கு அர்த்தம் கிடையாது. இரண்டு நிறம் பயன்படுத்தினால் ஒவ்வொரு நிறத்தையும் தனியே ஏற்றிய சீவலும் வேண்டும். ஒரு நிறத்தின் ஒளி அடுத்த தடத்துக்குள் கசிவது சர்வசாதாரணம், அதைப் பார்த்து "இரண்டு புரதமும் ஒரே இடத்தில் இருக்கின்றன" என்று எழுதியவர்கள் உண்டு. ஒப்பிடப்போகும் எல்லாப் படங்களுக்கும் லேசர் திறன், உணரியின் அமைப்பு எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். எந்தப் பிக்ஸலும் 255-இலோ 65,535-இலோ முட்டி நிற்கக் கூடாது. 200 நானோமீட்டர் தெளிவு வேண்டுமென்றால் பிக்ஸல் 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதைவிட ரொம்பச் சிறியதாக வைத்தால் சாயம்தான் வெளுக்கும்.

புள்ளியியலில் இங்கே எல்லாரும் மாட்டும் ஒரு பொறி உண்டு. மூன்று எலிகள், ஒவ்வொன்றிலும் நூறு நியூரான்கள் அளந்திருக்கிறீர்கள். மாதிரியின் அளவு முந்நூறா, மூன்றா? பெரும்பாலான கேள்விகளுக்கு மூன்றுதான். ஒரே எலியின் நியூரான்கள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள், தனித்தனிச் சாட்சிகளாக எடுத்துக்கொள்ள முடியாது. முந்நூறு என்று போட்டால் எந்தச் சின்ன வித்தியாசமும் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியும். சோதனை தொடங்கும் முன்பே எத்தனை எலி என்று புள்ளியியல் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அளக்கும்போது கோப்புப் பெயர்களை வேறொருவரை விட்டு மாற்றச் சொல்லி, எது எந்தக் குழு என்று தெரியாமலே அளந்து பாருங்கள்.

மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். மெல்லிய ஒளித்தகட்டால் திசுவை வருடிப் படமெடுக்கும் ஒளித்தாள் நுண்ணோக்கி ஒரே நாளில் டெராபைட் கணக்கில் தரவைக் கொட்டும், அதை எங்கே வைப்பது என்ற திட்டம் இல்லாமல் படம் எடுக்கத் தொடங்காதீர்கள்.

வெளிநாடு போக நினைத்தால்

அமெரிக்க பிஎச்.டி.க்கு முதுகலை கட்டாயமில்லை. பெரும்பாலான நியூரோசயின்ஸ் திட்டங்கள் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வைக் கேட்பதையும் விட்டுவிட்டன. கட்டணத்தை அவர்களே ஏற்று, உதவித்தொகையும் தருவார்கள். விண்ணப்பக் கட்டணம்தான் உறைக்கும், விலக்குக் கேட்டால் சில இடங்களில் கிடைக்கும். ஜெர்மனியில் பொதுவாக முதுகலை முடித்திருக்க வேண்டும். கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆங்கிலத்திலேயே நடத்தும் நியூரோசயின்ஸ் திட்டம் பெயர்பெற்றது. ஜப்பானின் ஒகினாவாவில் இருக்கும் ஓஐஎஸ்டி என்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் துறைகள் என்ற பிரிவே கிடையாது. அங்கே பயணச் செலவும் தங்குமிடமும் கொடுத்துச் சில மாதம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் திட்டம் உண்டு, முதல்முறை வெளிநாடு போகிறவர்களுக்கு ஏற்றது.

தேதிகள்

கோடைக்கால அகாடமித் திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும், மார்ச்சில் யோசித்தால் வண்டி போயிருக்கும். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். டிஐஎஃப்ஆர் தேர்வு வழக்கமாக டிசம்பரில். நெட் ஆண்டுக்கு இருமுறை. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்தோடு மூடிவிடும். பரிந்துரைக் கடிதம் கேட்கும் ஆசிரியர்களுக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

தமிழ்நாட்டு மாணவர்கள் ஒரு காகிதத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிசி, எம்பிசி என்று நம் மாநிலம் தரும் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிடும் சான்றிதழை இ-சேவை மையம் வழியாகத் தனியே வாங்க வேண்டும். அது எந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் போட்டிருப்பார்கள். இன்டர்வியூ அழைப்பு வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடாமல், ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.